தரகர் எறும்பு பார்த்த கூடு

கிணற்றின் மேல் சாய்ந்த பனையோலையில் ஆண் தூக்கணாங்குருவி ஒன்று புதுக் கூடு கட்டியிருந்தது. அதைப் பார்க்க வந்த பெண் குருவி, தரகர் எறும்பையும் கூட்டி வந்தது.

"புதுக் கூட்டுக்கு எதுக்குத் தரகர்? கட்டினவன் நானே காட்டறேன்" என்றது ஆண் குருவி.

உள்ளே இருட்டில், ஈரக் களிமண்ணில் பதித்த மின்மினி மினுங்கியது. பெண் குருவி வாய்பிளந்து நின்றது. எறும்போ வெளியே ஏறி, ஓலையில் ஒவ்வொரு நாராகக் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டு வந்தது.

"நாலு முடிச்சு தளர்ந்திருக்கு. இறுக்கித் தரட்டும், அப்புறம் குடியேறுங்க" என்றது பெண் குருவியிடம்.

ஆண் குருவி போய் நாலையும் இறுக்கியது.

மாலையில் பெருங்காற்று. கூடு கிணற்றின் குறுக்கே ஊசலாடியது. முடிச்சு ஒன்றும் நழுவவில்லை. பெண் குருவி மின்மினியை மறந்து, தன் கண்ணளவுகூட இல்லாத எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தது.