தேதியைத் திருத்தியவள்

'பணியாளர் சிரித்த முகத்தோடு வரவேற்றாரா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்துவிட்டு, கீழேயே 'என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தாள் ஒருத்தி.

வசீலா மறுபடி அவளுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை.

சாதாரண வாடிக்கையாளர்போலக் கடைகளுக்குப் போய், தங்களை எப்படி நடத்தினார்கள் என்று ரகசியமாக எழுதி அனுப்புகிறவர்கள் துனிசியா நாடெங்கும் இருந்தார்கள். அவர்கள் எழுதியதைச் சரிபார்த்து மேலே அனுப்புவது, துனிஸில் வீட்டில் இருந்தபடியே வசீலா பார்க்கும் வேலை.

காபி குடித்தவன் தேநீரைப் பற்றி எழுதுவான். எட்டிக்கூடப் பார்க்காத கழிப்பறையைப் பளிச்சென்று இருந்தது என்பான். விளக்கம் கேட்டால் போனை அணைத்துவிடுவான்.

ஹயாத் மட்டும் அப்படியில்லை. சூஸ் நகரத்துக்காரி. நேரில் பார்த்ததில்லை. அறிக்கையைப் பற்றித் தொடங்கிய பேச்சு நாளடைவில் மாமியார், மீன் விலை, வராத தூக்கம் என்று எங்கெங்கோ போனது. வசீலா யாரிடமும் வாய்திறக்காததையெல்லாம் அவளிடம்தான் கொட்டியிருந்தாள்.

அன்று காலை ஹயாத் அனுப்பியதில் ஒரு தவறு. செவ்வாய்க்கிழமை மருந்துக்கடைக்குப் போனதாக எழுதியிருந்தாள். பில்லில் திங்கட்கிழமை இருந்தது.

"நான் போகவே இல்லக்கா," என்று போனில் அழுதாள் ஹயாத். "சின்னவனுக்குக் காய்ச்சல். உடம்பு நெருப்பா கொதிக்குது. அது என் நாத்தனார் வாங்கின பில்லு. இந்த ஒரு தடவை தேதியை மாத்தி விட்டுடுங்கக்கா."

அப்படிப்பட்ட அறிக்கையை நிராகரித்து, அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். விதி அது.

"பில்லு கிடக்கட்டும், விடு. நாளைக்குப் பாக்கலாம்னு மட்டும் இருந்துடாதடி. இப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடு."

வசீலா தேதியை மாற்றி அனுப்பிவிட்டாள்.

மாலையில் ஹயாத்திடமிருந்து இன்னொரு அறிக்கை வந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையை வைத்துக்கொண்டு இவள் ஏன் உட்கார்ந்து எழுதுகிறாள் என்று கடிந்துகொண்டே திறந்தாள்.

கடையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வசீலாவின் பெயர் இருந்தது.

'கனிவாகப் பேசினாரா? ஆம், மிகவும். விதியை மீறும்படி கேட்டபோது மறுத்தாரா? இல்லை.'

ஹயாத் எழுதுவதெல்லாம் தானாகவே வசீலாவுக்கு வந்து சேரும். வசீலாவையே சோதிக்கச் சொல்லி வாங்கிய இதை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிட அலுவலகத்தில் யாரோ மறந்திருந்தார்கள்.

வசீலா போனை எடுத்தாள்.

"இப்ப எப்படி இருக்கான்?"

"காய்ச்சல் இறங்கிடுச்சுக்கா. அல்லாஹ் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான்." பின்னால் சின்னவன் பந்தைச் சுவரில் அடித்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"சரி, பாத்துக்கோ," என்று வைத்துவிட்டாள்.

'இல்லை'யை 'ஆம்' என்று மாற்ற ஒரு நொடி போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. விரல்கூட அந்த இடத்துக்குப் போய்விட்டது.

அப்போதுதான் கடைசிக் கேள்வியைப் பார்த்தாள். 'என்ன காரணம் சொல்லிக் கேட்டீர்கள்? ஏன்?'

'பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன். அவருடைய மகள் காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. டாக்டரிடம் கொண்டுபோக ஒரு நாள் தாமதித்துவிட்டார். இதைச் சொன்னால் மறுக்கமாட்டார் என்று தெரியும்.'

வசீலா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

நல்ல, தெளிவான வாக்கியங்கள். ஒரே ஒரு பிழை.

'இரண்டு' என்பதை அழித்துவிட்டு 'மூன்று' என்று அடித்தாள்.

மற்றதை அப்படியே விட்டு, மேலே அனுப்பினாள்.