மோர்தேரோ என்றால் உரல்

ஸ்பெயினின் டொலேடோ நகரத்து ராணுவப் பயிற்சிக் கூடத்து ஜன்னல் வெயில், மேசைமேல் நிறுத்தியிருக்கும் குண்டெறியும் இரும்புக் குழாயில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. உக்ரைனிலிருந்து வந்த படைவீரர்கள் அதைச் சுற்றி நிற்கிறார்கள். ஸ்பானிய சார்ஜென்ட் குழாயைத் தட்டி, "மோர்தேரோ" என்கிறார். மொழிபெயர்க்க வந்திருக்கும் சொலோமியாவும் உக்ரைன்காரிதான்; இந்த ஊர்ச் சமையலறைகளில் பாத்திரம் தேய்த்தே ஸ்பானிஷ் கற்றவள். யோசிக்காமல், "உரல்" என்கிறாள். கூடமே குலுங்கிச் சிரிக்கிறது. "பூண்டு எங்கக்கா?" என்கிறான் ஒருவன். அவளும் முகம் சிவக்கச் சிரிக்கிறாள். "மன்னிச்சுக்கங்கப்பா, இங்க உரலுக்கும் இந்தக் குழாய்க்கும் ஒரே பேருதான்." குழாயின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருக்கும் நசார் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க சரியாத்தான்க்கா சொன்னீங்க. எங்கம்மாவ வீட்டுக்குள்ள வச்சு இடிச்சது இதுதான்." சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. ஒன்றும் புரியாத சார்ஜென்ட், நீ சொல் என்று அவனைப் பார்த்துப் புன்னகையோடு கைகாட்டுகிறார். "மோர்தேரோ" என்கிறான் நசார், ஒவ்வொரு எழுத்தாக. சார்ஜென்ட் அவன் தோளில் தட்டுகிறார். "பிரமாதம்! எல்லாரும் இவன மாதிரியே சொல்லுங்க." சொலோமியா அதை மொழிபெயர்க்காமல் நிற்கிறாள்.