மூலையில் ஒரு புள்ளி

"இதைக் காட்டவோ கொட்டாஞ்சேனையில இருந்து பஸ் ஏறி வந்தனீ?"

சிவபாலனால் பொறுக்க முடியவில்லை. ஒஸ்வால்டின் கணினித் திரையில் ஒரேயொரு பெட்டி. கறுப்பு நிலத்தில் மஞ்சள் கோடு. பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் நாலைந்து எழுத்துகள். அவ்வளவுதான்.

"வழியில ரெண்டு செக்பொயின்ற்றில ஆமிக்காரர் இறக்கி, பையைக் கொட்டிப் பார்த்தவங்கள்," என்றான் ஒஸ்வால்ட். "அவங்களும் இதைத்தான் கேட்டவங்கள்."

வெள்ளவத்தையில் ஒரு ரியூட்டறியின் மேல்மாடி அறை அது. மாதத்தின் கடைசி ஞாயிறன்று, பிள்ளைகளின் டியூஷன் வகுப்பு முடிந்ததும், சொந்தமாக இயங்குதளம் எழுதும் பித்துப் பிடித்த சிலர் அங்கே கூடுவது வழக்கம். கணினி விழித்தெழுவது முதல் திரையில் அம்புக்குறி அசைவது வரை யாவும் தம் கையாலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வைராக்கியம். எழுதியதை ஒரு டிஸ்கில் போட்டு எடுத்து வருவார்கள், மற்றவர்களுக்குக் காட்டுவார்கள், பாராட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

அன்று பாராட்டோடு முடிகிற காரியமல்ல. களனியில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு ஒருவருடைய திரை தெரிவாக வேண்டும்.

தெரிவு செய்பவர் பொன்னம்பலம் சேர். ஓய்வுபெற்ற பொறியியலாளர், அந்தக் கூட்டத்தைத் தொடக்கியவரும் அவரே. முன்பெல்லாம் அவரும் எழுதினார். "நேரம் கிடைக்குதில்லை" என்று சொல்லி ஒரு வருடமாக விட்டிருந்தார். குறை சொல்லி எவர் மனத்தையும் நோகடிக்காத மனிதர்.

மற்றவர்களின் திரைகள் மாதத்துக்கு மாதம் நுணுக்கமாகி வந்தன. நிழல் விழும் பெட்டிகள் வந்தன; கண்ணாடி போன்ற பொத்தான்கள் வந்தன. ஒஸ்வால்டின் திரை மட்டும் பின்னோக்கி நடந்தது. முதலில் நிறங்கள் குறைந்தன. பிறகு எழுத்தையும் கோட்டையும் ஆக்கும் புள்ளிகள் பருத்தன. இன்று அவனுடைய ஒரு புள்ளியே பெருவிரல் நகத்தின் அளவு.

"எங்கள் எல்லாரிலும் வடிவா எழுத்து வரைஞ்சவன் நீ. உனக்கு என்ன பேய் பிடிச்சது?" என்றான் சிவபாலன். "அந்த மூலையை எண்டாலும் மூடினியோ?"

பெட்டியின் வலது கீழ் மூலையில் ஒரு புள்ளி விடுபட்டு, கோடுகள் பொருந்தாமல் கிடந்தன. போன மாதமும் அப்படித்தான் கிடந்தன. அதற்கு முந்திய மாதமும் அப்படித்தான்.

"இன்னும் இல்லை."

"ஒரு வரி எழுதினாச் சரி."

"ஓம், ஒரு வரிதான்."

அந்த "ஓம்" சிவபாலனுக்கு மேலும் எரிச்சலை மூட்டியது.

பொன்னம்பலம் சேர் வந்தமர்ந்தார். முதலில் சிவபாலனின் முறை. வெள்ளவத்தைக் கடற்கரையோரம் ஓடும் ரயிலின் வண்ணப் படத்தைத் திரை முழுவதும் விரிப்பது அவனுடைய திட்டம். படக் கோப்புக்குள் படத்தின் அடிவரியே முதலில் இருக்கும் என்பதை அவசரத்தில் மறந்திருந்தான். ரயில் தன் சக்கரங்களை வானத்துக்குக் காட்டிக்கொண்டு தோன்றியது.

பின்னால் எவரோ சிரிப்பை அடக்கினார். சிவபாலனுக்குக் காது சுட்டது.

பொன்னம்பலம் சேர் சற்று நேரம் பார்த்தார். "நல்லாயிருக்கு தம்பி. நிறங்கள் நல்லா வந்திருக்கு."

எத்தனை பெருந்தன்மை என்று சிவபாலன் உள்ளூரக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அடுத்து ஒஸ்வால்ட். கறுப்புத் திரையில் மஞ்சள் பெட்டி எழுந்தது. பொன்னம்பலம் சேர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். அவருடைய புருவங்கள் நெரிந்தன.

"உதென்ன ஒஸ்வால்ட்? வலது பக்கம், கீழ் மூலை திறந்து கிடக்குது. இவ்வளவு காலம் எழுதிறீர், ஒரு பெட்டியை ஒழுங்கா மூடத் தெரியாதே? என்ன அசட்டை இது?"

சேர் ஒருவரை ஏசியதை அவர்கள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

"பிழைதான் சேர்," என்றான் ஒஸ்வால்ட். அவன் முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை. மாறாக, மலர்ந்திருந்தது.

களனிக்குச் சிவபாலனின் ரயில் தெரிவாயிற்று.

படியிறங்கும்போது சிவபாலன் வெடித்தான். "அந்த மனுசனே ஏசிற அளவுக்கு வைச்சுக்கொண்டு, பல்லைக் காட்டுறாய். உன்ர பழைய திரையைக் கொண்டந்திருந்தா இண்டைக்கு நீதான் களனிக்குப் போறவன். எனக்கு விசர் வருது."

"உன்ர ரயில் எப்பிடி நிண்டது?"

"தலைகீழா. அதுக்கென்ன இப்ப? பெரிய மனுசர், கண்டும் சொல்லாம விட்டவர்."

"என்ர மூலையையும் போன மாசம் சொல்லாமத்தான் விட்டவர். அதுக்கு முந்தின மாசமும் 'நல்லாயிருக்கு' எண்டுதான் சொன்னவர்."

சிவபாலனின் கால் படியிலேயே நின்றுவிட்டது. ஒரு வருடமாகச் சேருக்கு ஏன் நேரம் கிடைக்கவில்லை என்பது மெல்ல மெல்ல விளங்கியது.

"அவரிட்டக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டுப் பார். கண் தெரியேல்லை எண்டு அந்த மனுசன் ஒத்துக்கொள்ளுமோ?"

ஒஸ்வால்ட் பையிலிருந்து டிஸ்கை எடுத்தான். வந்த படிகளிலேயே திரும்பி ஏறத் தொடங்கினான்.

"எங்கயடா போறாய்?"

"மூலையை மூடிப்போட்டு, சேரிட்டக் குடுக்க. இனி இந்தத் திரையில அவர் திரும்பவும் எழுதலாம். இண்டைக்குத்தான் அளவு சரிவந்திருக்கு."