முழங்கால் ஜெபம்

அபாயச் சங்கு ஊதத் தொடங்கியதும் உபதேசியார் பொன்ராஜ் நடுவீட்டில் முழங்கால்படியிட்டார்.

அவர் மனைவி ஞானப்பூ, கைப்பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு, அவருக்கும் வாசலுக்கும் நடுவே நின்றாள்.

அப்போதுதான் விடிந்திருந்தது. சைதாப்பேட்டைச் சந்து முழுக்க ஓடும் காலடிச் சத்தம். ஜப்பான்காரன் கப்பலோடு வந்துவிட்டானாம். பட்டணத்தில் பாதி ஏற்கெனவே ரயிலேறிவிட்டது. மீதிப் பாதிக்குத் தெருமுனையில் வெட்டிய பதுங்குகுழிதான் கதி.

உபதேசியார் ரயிலேறவில்லை. தாயின் வயிற்றில் உருவாகும் முன்பே ஆண்டவர் ஒவ்வொருவருக்கும் நாள் குறித்துவிட்டார் என்று போன ஞாயிறு கோயிலில் பிரசங்கம் செய்தார். ஓடுகிறவன் குண்டுக்குப் பயந்து ஓடவில்லை, ஆண்டவர் சித்தத்துக்குப் பயந்து ஓடுகிறான் என்றார்.

ஞானப்பூவும் அதை நம்பினாள்.

நம்பியதால்தான் இத்தனை பயம்.

முதல் இரண்டு பிள்ளைகளும் முன்குறித்த நாளில்தான் போனார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். மண் தள்ளும்போதுகூட அவர் கண் கலங்கவில்லை. மூன்றாவதுக்கு எந்த நாள்? இன்றைக்கா? ஓடினால் அது தள்ளிப்போகுமா, இல்லை ஓடிய குற்றத்துக்கே கிட்ட வந்துவிடுமா?

"அடியே ஞானப்பூ! இன்னா பண்ணிக்கினு கீறே? உங்க சாமி குழிக்குள்ள வரமாட்டாரா? கொயந்தைய எட்த்துக்கினு ஓடியாடி!"

பக்கத்து வீட்டு ஜைதூன் பீ, ஒரு கையில் கோழியோடு வாசலில் நின்று கத்தினாள்.

"ஏங்க, பிள்ளைக்காகவாவது எந்திரிங்களேன்."

அவர் அசையவில்லை. மூடிய கண், கோத்த கை, சுவரைப் பார்த்த முகம். இவ்வளவு பெரிய விசுவாசத்துக்கு முதுகு காட்டிப் படியிறங்க அவளுக்குக் கால் எழவில்லை.

வானத்தில் ஏதோ இரைந்தது. விமானமோ, அவள் காதுதானோ.

சரி, இங்கேயே ஆகட்டும் என்று அவளும் அவர் பக்கத்தில் முழங்கால் போட்டாள்.

தரை ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பான ஈரம்.

அவர் வேட்டியிலிருந்து அது மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. உதடுகள் ஜெபிக்கவில்லை. பற்கள்தான் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன.

"கால் வரலை, ஞானப்பூ" என்றார், கண்ணைத் திறக்காமல்.

ஞானப்பூ எழுந்தாள். வாசலுக்கு ஓடிப் பிள்ளையை ஜைதூன் பீயின் தோளில் போட்டாள். பிள்ளை வீறிட்டது. கோழி படபடத்துக் கீழே குதித்தது.

"நீ வரலியா? உன் வூட்டுக்காரரு?"

"அவுக ஜெபத்துல இருக்காக. நீங்க ஓடுங்க, அக்கா."

ஜைதூன் பீ உள்ளே எட்டிப் பார்த்தாள். முழங்காலில் நிற்கும் முதுகு மட்டும் தெரிந்தது. பெரிய மனுசன்தான் என்று முணுமுணுத்துவிட்டு, பிள்ளையோடு குழியைப் பார்த்து ஓடினாள்.

அவள் தலை மறையும்வரை பார்த்திருந்து, ஞானப்பூ கதவைச் சாத்தினாள்.

மூலையில் இருந்த குடிதண்ணீர்க் குடத்தை இழுத்து வந்து அப்படியே சாய்த்துவிட்டாள். தண்ணீர் அறை முழுக்க ஓடியது.

பிறகு அவரை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு, சேலை நனைய, பக்கத்தில் உட்கார்ந்தாள்.