லேசான பேட்டரி

“இதைக் கையில பிடிச்சுப் பாருங்க, பஞ்சு மாதிரி இருக்கு” என்று, சின்ன பேட்டரி மாட்டிய ஒயர் இல்லாத டிரில் மெஷினைக் கணவரிடம் நீட்டினாள் அந்த அம்மா.

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. விற்க வேண்டியவர் அவர், விற்றுக்கொண்டிருந்ததோ அவள்.

கணவர் ஃபால்ஸ் சீலிங் போடும் தச்சர். நாள் முழுக்க ஏணியில் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கியபடியே வேலை. பழைய பேட்டரி படுத்துவிட்டதால் புதிது வாங்க வந்திருந்தார். அவர் கண்ணெல்லாம் பெரிய பேட்டரி மேல்தான். அதை மாட்டினால் பொழுது சாயும்வரை கீழே இறங்கவே வேண்டாம் என்றார்.

“செங்கல் கனம் கனக்குது. அப்புறம் வீட்டுக்கு வந்து, தோள் விட்டுப்போச்சு, தைலம் தேய்னு யார்கிட்ட கேப்பீங்க?”

தச்சர் சின்னதைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தார். இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அதையே போடச் சொன்னார்.

கூடவே உபரியாக இன்னொரு பேட்டரி இருக்கட்டுமே என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றாள். சட்டென்று சார்ஜ் ஏற்றும் சார்ஜரைக் காட்டினார். அதுவும் வேண்டாமாம், மெதுவாக ஏற்றும் சாதா சார்ஜரே போதுமாம். சரியான கஞ்சம் என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

தச்சர் வண்டியை எடுக்க வெளியே போனார். கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்கு அந்த மனிதர் வந்து சண்டைக்கு நின்றால் யார் பதில் சொல்வது?

“ஒளிக்காம சொல்லிடறேம்மா. லேசா இருக்குங்கிறது வாஸ்தவம்தான். ஆனா நாலு பலகை அடிக்கிறதுக்குள்ள சார்ஜ் தீர்ந்துடும். இந்த சார்ஜர்ல மறுபடி ஏறுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். அதுவரைக்கும் அவர் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.”

அவள் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அதுக்காகத்தாங்க இதை வாங்குறேன். போன மாசம் நெஞ்சுவலி வந்து பிழைச்சவரு. நடுநடுவுல உட்காரணும்னு டாக்டர் சொன்னாரு, பிள்ளைங்க சொன்னாங்க, நானும் சொல்லிப் பார்த்துட்டேன், கேக்கல. இனிமே பேட்டரி சொல்லட்டும்.”