மூட்டைக்கு அடியில் இரண்டு கைகள்

சாலைக் கடைத்தெரு டீக்கடை டிவியில் இரண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்குகிறார்கள். நேற்றுவரை ஒருவரை ஒருவர் ஒழித்துவிடுவதாகப் பேசியவர்கள். அறுபத்தெட்டு வயதிலும் சுமை தூக்கும் கோமதிநாயகம் கிளாஸை டொக்கென்று வைக்கிறார். "ரெண்டுபேரும் கேமராவப் பாத்துல்லா பல்லக் காட்டுதானுவ!" வெளியே அரிசி லாரி காலையிலிருந்து வெயிலில் கிடக்கிறது. எந்தச் சங்கம் இறக்குவது என்று சண்டை போட்டு, ஆளுக்குப் பாதி என்று இப்போதுதான் முடித்திருக்கிறார்கள். சிவப்புச் சட்டைச் சங்கத்துக்குக் கோமதிநாயகம் தலைவர், நீலச் சட்டைச் சங்கத்துக்குச் சத்தியதாஸ். பன்னிரண்டு வருஷப் பகை. மலையாளம் கலந்து பேசும் சத்தியதாஸ் கையை நீட்டுகிறான். "கை தாங்க அண்ணாச்சி. ஒரு போட்டோ எடுத்து குரூப்பில இடட்டு, கேட்டா?" கோமதிநாயகம் கை கொடுக்கவில்லை. பேச்சு முறிந்தால் லாரி திரும்பிப் போய்விடும், இரண்டு பக்கத்துக்கும் இன்று வேலை இல்லை. கோமதிநாயகம் லாரியைக் காட்டுகிறார். "போட்டோவுக்கு வேண்டாம்லே. மூட்டைக்கு அடியில குடு, பிடிக்கேன்."

லாரியிலிருந்து தரையில் தள்ளிய முதல் மூட்டைக்கு இரண்டு பக்கமும் குனிந்து, அடியில் கைவிட்டு, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்றுகிறார்கள். ஒருவன் பிடியை விட்டால் அடுத்தவன் கால் நசுங்கும். காய்த்துப்போன விரல்கள் இறுகுகின்றன, கழுத்து நரம்புகள் புடைக்கின்றன, ஒரே மூச்சில் மூட்டை எழும்பி பக்கத்தில் நிற்கும் நீலச் சட்டை ஜெயன் தலையில் உட்காருகிறது. அரிசித் தூசி வெயிலில் மினுங்குகிறது. "விட்டுருவேன்னு நெனச்சியோ?" "நெனச்சேன் அண்ணாச்சி." "ஒன்னயும் நான் அப்படித்தான்லே நெனச்சேன்." கோமதிநாயகம் நெஞ்சை நிமிர்த்தி, அடுத்த மூட்டைக்குத் தானே முதலில் கையை நீட்டுகிறார்.