ஆறாத இரும்பு

வார்ப்பிரும்பை வெல்டிங் செய்தால் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். சட்டென்று ஆறினால் விரிசல் விடும். ஒரு நாள் போதும். லாரி டிரைவர் வீரேந்திரன் விரிசலை ஒட்டக் கொடுத்த டர்போ ஹவுசிங் என்ற வார்ப்பிரும்பு எஞ்சின் பாகம், வேங்கிக்கால் பட்டறையில் பதினோரு நாளாகியும் சாம்பலுக்குள் சூடாகவே இருந்தது. கொடுத்த அன்று சாயங்காலமே விபத்தில் சிக்கிய அவன் இன்னும் கண் திறக்கவில்லை.

அவன் மனைவி ஜெயந்திமாலா தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வந்து, சாம்பலுக்குள் கைவிட்டுப் பார்ப்பாள்.

"சூடு இருக்குதுண்ணா. போய்ட்டு வரேன்."

வெல்டர் புகழேந்தி தலையசைப்பார்.

பன்னிரண்டாம் நாள் காலை அவரே கைவிட்டுப் பார்த்தார். இரும்பு சில்லென்றிருந்தது. தெருமுனையில் அவள் வந்துகொண்டிருந்தாள். புகழேந்தி இரும்பை வெளியே எடுத்துவைத்து, கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துச் சுடரை அதன்மேல் பிடித்தார்.